சேர்த்த மைலில் உலகப் பயணம்

என் மனைவி முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்தவள். கரும்பலகையில் மேலிருந்து கீழாக, இடையிடையே வளைத்து, ஒரு கோடு இழுப்பாள். "இதுதான் சர்வதேசத் தேதிக் கோடு. இதைக் கிழக்கு நோக்கித் தாண்டுகிறவர்களுக்கு ஒரே நாள் இரண்டு முறை வரும். மேற்கு நோக்கித் தாண்டுகிறவர்களுக்கு ஒரு நாள் காணாமற் போய்விடும்" என்பாள். அந்தப் பாடம் நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் முன் பெஞ்சிலிருந்து யாராவது ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறீர்களா?" என்று கேட்பாளாம். "இல்லையம்மா, உட்கார்" என்று சொல்லிவிட்டு இவள் பாடத்தைத் தொடர்வாளாம்.

நான் அந்தக் கோட்டை ஆறு முறை தாண்டியிருக்கிறேன். ஆறு முறையும் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தேன்.

கோயமுத்தூரில் நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பகுதியில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவன் நான். பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாகவே என் காலம் போயிற்று. என் மகளுக்குப் பெயர் சூட்டிய அன்று நான் இஸ்தான்புல்லில் ஓர் ஆலை முதலாளியோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். வீட்டிற்குக் கிணறு தோண்டியது, மாமனார் காலமானது, மகள் பத்தாம் வகுப்பில் தேறியது எல்லாம் எனக்குத் தொலைபேசி வழியாகவே நடந்தேறின. இவை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்திகள் அல்ல. பின்னால் வரப்போகும் கணக்குக்கு இவை முதல் ஆகையால் சொல்லிவைக்கிறேன்.

ஓய்வு பெற்று இரண்டாண்டு கழிந்தபின் ஒரு நாள், பழைய காகிதங்களைக் கிழித்துப் போட உட்கார்ந்தபோது, விமானக் கம்பெனி ஒன்றில் என் பெயருக்கு 5,12,000 மைல் வரவு இருப்பதைக் கண்டேன். அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்ல வானொலி மரபு இடம் தராது; இந்தப் பேச்சுக்கு அது வேண்டுவதும் இல்லை.

இந்த மைல் என்பது என்ன என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். அமெரிக்க நாட்டில் எந்த ஊருக்கு எந்தக் கம்பெனி பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் அரசாங்கமே வகுத்து வந்தது. 1978-ல் ஒரு சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திற்று. கம்பெனிகளுக்குள் போட்டி மூண்டது. இன்று ஒன்றிலும் நாளை மற்றொன்றிலும் ஏறுகிற பிரயாணியைத் தன் வாசலிலேயே கட்டிப்போட வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981 மே மாதத்தில், பறந்த மைலைக் குறித்து வைத்து அதற்கு ஈடாக இலவச டிக்கெட்டுத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களுக்குள் யுனைடெட் கம்பெனியும் பின்தொடர்ந்தது. பிறகு உலகெங்கும் இந்தப் பழக்கம் பரவிவிட்டது. நம் ஊர் ஜவுளிக்கடையில் வாடிக்கையாளருக்கு மஞ்சள் பையும் காலண்டரும் கொடுப்பார்களே, அந்தத் தந்திரந்தான். பை மட்டும் கொஞ்சம் பெரிது.

நாளடைவில் மைல் என்ற சொல்லுக்கும் பறப்பதற்கும் உள்ள உறவு தேய்ந்து போயிற்று. வங்கிகள் விமானக் கம்பெனிகளிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தங்கள் கடன் அட்டைக்காரர்களுக்குக் கொடுக்கின்றன. மளிகை வாங்கினால் மைல், ஓட்டலில் தங்கினால் மைல். 1999-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், ஓர் உணவுக் கம்பெனியின் விளம்பரச் சலுகையைக் கூர்ந்து படித்துவிட்டு, பாயசம் போன்ற ஓர் இனிப்புப் பண்டத்தை 12,000 கிண்ணங்களுக்கு மேல் வாங்கிக் குவித்தார். ஏறத்தாழ 3,000 டாலர் செலவில் அவருக்குக் கிடைத்தவை 12 லட்சத்துக்கு மேற்பட்ட மைல்கள். இத்தனை பாயசத்தை யார் உண்பது? அவற்றை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தொண்டர்கள் கைம்மாறாகக் கிண்ணங்களின் மேலிருந்த சீட்டுகளைக் கிழித்துத் தந்தார்களாம். அன்னதானமும் ஆயிற்று, ஆகாயப் பிரயாணமும் ஆயிற்று.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த நாணயத்தை அச்சடிப்பவரும், மதிப்பு வைப்பவரும், செல்லாது என்று அறிவிப்பவரும் ஒருவரே. பெருந்தொற்று வந்த 2020-ல் விமானங்கள் ஓடாமல் நின்றபோது, யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தையே ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் கடன் திரட்டியது. பறக்காத விமானத்துக்குக் கடன் கொடுக்கத் தயங்குகிறவர்களும் மைலை நம்பிக் கொடுத்தார்கள் என்றால் அதன் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வலிமை கம்பெனிக்குத்தான். நம்மைப் போன்றவர்களுக்கு அன்று. வேறொரு கம்பெனியில் நான் சேர்த்து வைத்திருந்த 40,000 மைல், அந்தக் கம்பெனி கதவடைத்த அன்று ஒரு காசு பெறாமல் மறைந்தது. எங்கே போய் முறையிடுவது? பொட்டலம் மடித்த காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து உப்பு கேட்பது போலத்தான்.

ஆகவே 5,12,000 மைலைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்தது. கூடவே கம்பெனியின் கடிதம் ஒன்றும் வந்திருந்தது. அடுத்த மார்ச்சு 31-க்குப் பிறகு இலவச டிக்கெட்டுகளுக்கான மைல் அளவு உயரும்; மூன்றாண்டு எவ்வித அசைவும் இல்லாத கணக்கு அழிக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. அப்போது அக்டோபர் மாதம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் தேய்மானம், இன்னும் ஓரிரு ஆண்டில் அறுவை செய்ய நேரிடலாம், போக வேண்டிய இடம் ஏதேனும் இருந்தால் அதற்குள் போய் வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காசியையோ பத்ரிநாத்தையோ மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். இவள் தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு, "தேதிக் கோட்டைத் தாண்ட முடியுமா?" என்று கேட்டாள்.

உலகத்தை முழுதும் சுற்றிவரும் விமானச் சேவை புதிதன்று. 1947 ஜூனிலேயே பான் அமெரிக்கன் கம்பெனி அத்தகைய சேவையைத் தொடங்கியது. அது நம் கல்கத்தாவிலும் இறங்கி ஏறியது. அந்தக் கம்பெனி 1991 டிசம்பரில் மறைந்தது. ஒரே கம்பெனியின் விமானங்களில் ஏறி இறங்கி உலகத்தைச் சுற்றிவருவது இன்று எளிதன்று. கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டதால் நமக்கு அது கைகூடுகிறது. 1997-ல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியை அமைத்தன. 1999-ல் ஒன்வேர்ல்டும் 2000-ல் ஸ்கைடீமும் தோன்றின. ஒரு கம்பெனியில் சேர்த்த மைலைக் கொண்டு அதன் கூட்டாளிகளின் விமானங்களிலும் ஏறலாம். இந்த வசதியால் "உலகம் சுற்றும் டிக்கெட்டு" என்று ஒன்று பிறந்தது. எல்லாக் கம்பெனிகளும் அதைத் தருவதில்லை. தந்தவற்றுள் சிலவும் பின்னர் நிறுத்திக்கொண்டன. என் கம்பெனி தந்துகொண்டிருந்தது.

அதன் விதிகள் ஏறத்தாழ ஒரு விரதத்தின் விதிகளைப் போன்றவை. கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் கிழக்கு நோக்கியே செல்ல வேண்டும்; மேற்கு என்றால் மேற்கு. பசிபிக் சமுத்திரத்தை ஒரு முறையும் அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒரு முறையும் தாண்ட வேண்டும். மொத்தத் தொலைவு 35,000 மைலுக்கு மேற்படலாகாது. வழியில் ஏழு ஊர்களில் தங்கலாம். புறப்பட்ட நாட்டிற்கே திரும்பி வர வேண்டும். மாம்பழத்துக்காக மயிலேறிப் போன முருகன் இந்த விதிகளுக்கு முழுதும் உட்பட்டவன். அம்மையப்பனை வலம் வந்து பழத்தைப் பெற்ற பிள்ளையாருக்கு இந்தக் கம்பெனி டிக்கெட்டுத் தராது. 1973-ல் வெளிவந்த "உலகம் சுற்றும் வாலிபன்" படத்திற்காக எம்.ஜி.ஆர். ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேயாப் பக்கமெல்லாம் சென்று படம் பிடித்து வந்தார். பசிபிக்கைத் தாண்டவில்லையாதலால் விதிப்படி அந்த வாலிபரும் உலகம் சுற்றியவராகார். "உலகம் சுற்றும் தமிழன்" என்று நூல் எழுதிய ஏ. கே. செட்டியார் உண்மையாகவே சமுத்திரங்களைக் கடந்தவர். ஆனால் அவர் சென்றது கப்பலில். அவருக்கு மைல் வரவு எழுதி வைப்பார் யாரும் இல்லை.

எங்களிடம் ஒரு பூகோள உருண்டை உண்டு. பன்னிரண்டு அங்குல விட்டம். பள்ளியில் புதிது வாங்கியபோது பழையதை அவள் கேட்டு வாங்கி வந்தாள். அதில் இன்னும் சோவியத் யூனியன் இருக்கிறது. நான் கணிப்பொறியில் தொலைவுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பூத்தொடுக்கும் நூலை எடுத்து வந்தாள். பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவு 24,900 மைல். இந்த உருண்டையின் சுற்றளவு முப்பத்தேழே முக்கால் அங்குலம் இருக்கும். ஆகவே ஓர் அங்குலத்துக்கு 660 மைல் என்று கணக்கிட்டாள். டோக்கியோவில் நூலின் ஒரு முனையை வைத்து மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவில் இழுத்துப் பிடித்தாள். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளவை. தட்டையான படத்தில் பார்த்தால் நேர் கிழக்கே போக வேண்டும் என்றே தோன்றும். நூலோ வடக்கே ஏறி, அலூஷியன் தீவுகளின் பக்கமாக வளைந்து, பிறகு கீழே இறங்கியது. அளந்து பார்த்தால் ஏழே முக்கால் அங்குலம், 5,115 மைல். என் கணிப்பொறி 5,120 என்றது. "ஐந்து மைல் என் நூலின் முறுக்கு" என்றாள்.

வடக்கே போகப் போக உலகம் சிறுத்துக்கொண்டே போகிறது. அறுபதாம் அட்சரேகையில் பூமியைச் சுற்றுவது நடுக்கோட்டில் சுற்றுவதில் பாதிதான். மைல் வரம்புக்குள் நிறைய ஊர் பார்க்க விரும்புகிறவர்கள் வடபாதியிலேயே சுற்றிக்கொண்டு வருவதற்கு இதுவே காரணம். நான் முதலில் போட்ட திட்டத்தில் ஏழு தங்கல்களையும் நிரப்பியிருந்தேன். சிங்கப்பூர், டோக்கியோ, ஹொனலூலு, சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க்கு, லண்டன், இஸ்தான்புல். கொடுத்த வரம்பில் ஒரு மைலையும் வீணாக்கக்கூடாது என்ற வெறி எனக்கு வந்துவிட்டது. கல்யாண விருந்தில் இலையில் இடம் இருக்கிறது என்பதற்காகவே வாங்கிக்கொள்கிறவனைப் போல, எங்கேனும் ஒரு மூலையில் இன்னும் ஓர் ஊர் இடம் பெறாதா என்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்டவை இரண்டே. ஒன்று, பசிபிக்கின் நடுவில் இருக்கும் 180-வது தீர்க்கரேகைப் பக்கத்துத் தேதிக் கோடு. மற்றொன்று, லண்டனுக்கு அருகிலுள்ள கிரீன்விச்சு. பூஜ்யம் பாகை அங்கேதான் தொடங்குகிறது. 1884-ல் வாஷிங்டனில் கூடிய மாநாடு அதை உலகத்துக்கே முதல் தீர்க்கரேகையாக ஏற்றுக்கொண்டது. பாடத்தின் தொடக்கமும் முடிவும் அவ்விரண்டும். இடையில் எந்த ஊரானாலும் சரி என்றாள்.

லண்டன் என்றதும் ஒரு சிக்கல். அங்கிருந்து விமானம் ஏறிப் புறப்படுகிறவர்களிடம் அந்நாட்டு அரசாங்கம் பிரயாணி வரி ஒன்று வாங்குகிறது. நீண்ட பிரயாணத்துக்கு வரி அதிகம். உயர்ந்த வகுப்பில் சென்றால் சாதாரண வகுப்பைப் போல் இருமடங்குக்கும் மேல். மைலைக் கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கும் இந்த வரி உண்டு. பொதுவாகவே, இலவச டிக்கெட்டு என்ற சொல்லில் இலவசம் குறைவு; விமான நிலையக் கட்டணம், எரிபொருளுக்கான மேற்கட்டணம் என்று ரொக்கமாகக் கட்ட வேண்டியவை பல. ஆனால் லண்டன் வரி புறப்படுகிறவர்களுக்கே அன்றி வந்திறங்குகிறவர்களுக்கு இல்லை. ஆகவே விமானத்தில் லண்டன் வந்து, கால்வாய்ச் சுரங்க ரயிலில் ஏறிப் பிரஸ்ஸல்ஸ் வழியாக ஃபிராங்பர்ட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஏறினால் வரி மிச்சம். அந்த வரி வந்ததும் அந்த ரயில் ஓடத் தொடங்கியதும் ஒரே மாதத்தில், 1994 நவம்பரில். பூட்டும் சாவியும் சேர்ந்தே பிறந்தன.

விசாக்களைப் பற்றி விரிக்க விரும்பவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியில் ஐந்து விசாக்கள் வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் மனுப் போட முடியாது. டிக்கெட்டையோ ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே பிடிக்க வேண்டும். பெண் பார்க்கும் முன்னே மண்டபம் பிடிப்பதற்கு ஒப்பானது இது.

உண்மையான கஷ்டம் ஆசனங்களில்தான் இருக்கிறது. விமானத்தில் இடம் காலியாக இருந்தால் மட்டும் மைல்காரனுக்குக் கிடைத்துவிடாது. எந்த ஆசனம் காசுக்கு விற்காது என்று கம்பெனி ஊகிக்கிறதோ அதை மட்டுமே நமக்குத் திறந்துவிடும். பெரும்பாலும் பிரயாண நாளுக்கு 355 நாள் முன்னதாக இந்தக் கதவு திறக்கிறது. ஒரு விமானத்தில் ஓர் ஆசனம் திறக்கும். இரண்டு ஒருசேரத் திறப்பது அரிது. 1889-ல் நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகைப் பெண்மணி உலகத்தைச் சுற்றப் புறப்பட்டு 72 நாளில் முடித்தாள். அவளுக்கும் கொழும்பில் ஐந்து நாள் அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அவள் தனியாகச் சென்றவள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஜப்பானில் சக்குராப் பூக்கள் மலரும். அதைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஏப்ரல் மாதத்தைத் தேர்ந்தேன். நான் ஒருவனே அதைத் தேர்ந்தவன் அல்லன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தினமும் காலை ஐந்தரை மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்து தேடினேன். டோக்கியோவிலிருந்து கிழக்கே செல்லும் விமானங்களில் இரண்டு ஆசனம் ஒரு நாளும் இல்லை. கடைசியில் கம்பெனிக்கே தொலைபேசியில் பேசினேன். பேசிய அம்மையார் மிகப் பொறுமைசாலி. அரை மணி நேரம் தேடிவிட்டு, "கிழக்கே போவதை விட்டுவிட்டு மேற்கே போங்கள், சார். ஐரோப்பா, அமெரிக்கா, பிறகு ஜப்பான். ஏப்ரலிலேயே எல்லாக் கட்டத்திலும் இரண்டு ஆசனம் இருக்கின்றன; உயர்ந்த வகுப்பு. இரண்டு நாள் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

எனக்கு வானத்தில் மிதப்பது போலிருந்தது. அதே ஊர்கள், அதே சமுத்திரங்கள், அதே மைல்; வரிசை மட்டுமே மாறுகிறது. மனைவியிடம் ஓடினேன். அவள் உருண்டையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் மெதுவாக மறுபுறம் திருப்பினாள்.

"அப்படியானால் ஒரு நாள் காணாமற் போகும்" என்றாள்.

நான் வாதம் செய்தேன். கணக்குப்படி இரண்டும் ஒன்றுதானே? கிழக்கே போகிறவன் ஊருக்கு ஊர் கடிகாரத்தை முன்னே தள்ளித் தள்ளி ஒவ்வொரு மணியாக இழக்கிறான். அந்த இழப்பைத்தான் தேதிக் கோட்டில் முழு நாளாகத் திரும்பப் பெறுகிறான். மேற்கே போகிறவன் மணி மணியாகப் பெற்றதை ஒரே நாளாகத் திருப்பிக் கொடுக்கிறான். யாருக்கும் லாபமில்லை, நஷ்டமுமில்லை.

"தெரியும். முப்பத்தொரு வருஷம் நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள். பிறகு, "மகெல்லனுடைய கப்பலில் போன பிகபெட்டா நாள் தவறாமல் குறிப்பு எழுதினவர். மூன்று வருஷம் மேற்கு நோக்கியே சுற்றிவிட்டு 1522-ல் கேப் வர்டி தீவுக்கு வந்தபோது, அவர் கணக்கில் புதன்கிழமை, தீவில் வியாழக்கிழமை. ஒரு நாள் எங்கே போயிற்று என்று தெரியாமல் திகைத்தார். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த மனிதனுக்காக எனக்கு வருத்தமாக இருக்கும்" என்றாள்.

நான் பேசாமல் இருந்தேன்.

"நீங்கள் ஊரில் இல்லாமல் காணாமற் போன நாள்கள் எத்தனையோ. அந்த நாள்களைக் கொடுத்துத்தான் இந்த மைல் வந்தது. இன்னும் ஒரு நாளை அதிலே போடுவானேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், இரண்டு முறை வரட்டுமே" என்றாள். சினம் ஒன்றும் இல்லை. பாடம் சொல்லும் குரல்தான்.

நிறுத்தி வைத்த ஆசனங்களை நான் கைவிட்டேன். உடனே கைவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகும். இரண்டாம் நாள் மாலை வரை வைத்திருந்து, தொலைபேசியை இரண்டு முறை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் முறைதான் சொன்னேன். மறுநாள் காலை பார்த்தபோது அந்த ஆசனங்கள் போய்விட்டிருந்தன.

அதன்பின் சக்குராவை மறந்தோம். குளிர்காலத்தில் பிரயாணிகள் குறைவு. ஆகவே அடுத்த ஆண்டு ஜனவரியைக் குறி வைத்தோம். பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, ஜனவரி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்கு, டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, இரண்டு ஆசனங்கள் அருகருகே திறந்திருந்தன. அப்போதே பிடித்துவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் சூட்சுமம். இந்த டிக்கெட்டை முழுமையாகத்தான் எடுக்க வேண்டும். கட்டம் கட்டமாக எடுக்க இயலாது. ஃபிராங்பர்ட்டிலிருந்து நாங்கள் திரும்பும் விமானம் அதற்குப் பிந்திய பிப்ரவரிக் கடைசியில். அதற்குரிய கதவு திறக்க இன்னும் நான்கு வாரம் இருந்தது. முதற்கட்டம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. கடைசிக் கட்டம் இன்னும் பிறக்கவே இல்லை. அந்த நான்கு வாரமும் தினம் ஐந்தரை மணிக்கு எழுந்து, அந்த இரண்டு ஆசனங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பல் துலக்கப் போவேன். இடையில் ஒரு நாள் ஓர் ஆசனமே தெரிந்தது. அன்று காப்பி இறங்கவில்லை. மறுநாள் மீண்டும் இரண்டாயிற்று. யாரோ எடுத்துவிட்டு மனம் மாறியிருக்க வேண்டும். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

திரும்பும் ஆசனங்கள் மார்ச்சு முதல் வாரத்தில் திறந்தன. அதே பொறுமைசாலி அம்மையார் அல்லர். இந்த முறை வேறோர் இளைஞர். ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டினார். சென்னை, சிங்கப்பூர், டோக்கியோ, சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க்கு, லண்டன், தரைவழியாக ஃபிராங்பர்ட்டு, மீண்டும் சென்னை. விமானத்தொலைவு ஏறத்தாழ 21,000 மைல். "இன்னும் 14,000 மைல் உங்களுக்கு அனுமதி இருக்கிறதே, சார், வேறு ஊர் சேர்க்கட்டுமா?" என்று கேட்டார். மனைவியைப் பார்த்தேன். அவள் தன் முழங்காலைப் பார்த்தாள். "வேண்டாம் தம்பி" என்றேன். ஹொனலூலுவும் இஸ்தான்புல்லும் இல்லாமலே டிக்கெட்டு முடிந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஐந்தாறு நாள், மாடி ஏறாத ஓட்டல் அறை, மத்தியானத் தூக்கம் என்று அவள் தன் கையால் ஓர் அட்டவணை எழுதியிருக்கிறாள்.

வரும் ஜனவரியில் புறப்படுகிறோம். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியளவில் டோக்கியோவில் ஏறினால், ஒன்பது மணி நேரம் பறந்து, அதே செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியளவில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவோம். எந்த நிமிஷத்தில் கோட்டைத் தாண்டுகிறோம் என்பதை ஆசனத்தின் முன்னுள்ள படத்தில் பார்த்து அவளுக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நான் உறங்கலாகாது என்று நிபந்தனை. அந்தக் கோடும் நிலையானதன்று; 2011-ல் சமோவா நாட்டார் அதைத் தங்கள் தீவுகளுக்கு மறுபுறம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்; அவ்வாண்டு அங்கே டிசம்பர் 30 என்ற நாளே இல்லை. வீட்டு உருண்டையில் அவள் அப்போதே பேனாவால் திருத்திவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். இரத்த அழுத்த மாத்திரைகளை வைத்துக்கொள்ள அவளிடம் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. இரண்டு முறை வரும் செவ்வாய்க்கு மாத்திரை எத்தனை என்று டாக்டரைக் கேட்டாள். கிழமையைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள் என்றார் அவர். இவளுக்கு அது திருப்தி தரவில்லை. போன வாரம் கடைவீதிக்குப் போய் ஓர் ஒற்றை அறைப் பெட்டி வாங்கிவந்து, பழைய பெட்டியோடு ரப்பர் வளையம் போட்டுச் சேர்த்திருக்கிறாள். மூடியின் மேல் காகிதம் ஒட்டி, கரும்பலகையில் எழுதும் அதே குண்டுக் கையெழுத்தில், "செவ்வாய், மறுபடியும்" என்று எழுதியிருக்கிறாள்.